வரியில்லாத பாட்டு: சப்ரகமுவ லயங்களில் சாக்ஸபோன், அன்றும் இன்றும்

சப்ரகமுவ தோட்டங்களில் 1990களில் வளர்ந்தவர்களிடம் சாக்ஸபோன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் ‘டூயட்’ படம் என்பார்கள். சிலர் இரத்தினபுரி பஸ்ஸில் கேட்ட சிங்கள மெட்டு என்பார்கள். கொழும்பில் ஹோட்டலிலோ கடையிலோ நின்றுவிட்டு வந்தவர்கள் மட்டும் கென்னி ஜி என்று பெயரோடு சொல்வார்கள். இவற்றை வாசித்தவர்கள் மூன்று பேர்: மங்களூருக்குப் பக்கத்தில் பிறந்தவர் ஒருவர், கண்டிக்காரர் ஒருவர், அமெரிக்காவின் சியாட்டில்காரர் ஒருவர். ஒருவர் வாசிப்பது கர்நாடக சங்கீதம், இன்னொருவர் வாசிப்பது சிங்கள மெல்லிசை, மூன்றாமவர் வாசிப்பதை ‘ஸ்மூத் ஜாஸ்’ என்கிறார்கள். எட்டியாந்தோட்டைக்கும் இறக்குவானைக்கும் இடையில் உள்ள மலைச்சரிவுகளில், கரண்ட் வராத லயங்களுக்குள், தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளுக்குள், இந்த மூன்று பேரின் மூச்சும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது. அங்கே அவர்களைப் பிரித்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தோட்டங்களின் அமைப்பைச் சொல்லாமல் அந்த ஒலி எப்படி இறங்கியது என்று விளக்க முடியாது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் போல இங்கே தோட்டத்தோடு தோட்டம் ஒட்டிக் கிடப்பதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் கலந்து, ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன தோட்டங்கள். லயத்துப் படியிறங்கி ஓடையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். கடை, பஸ், ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லாவற்றுக்கும் சிங்களம் வேண்டும். 1977இல் ஒருமுறை, 1981 ஆகஸ்டில் ஒருமுறை, 1983 ஜூலையில் ஒருமுறை என்று கலவரம் இந்தப் பக்கத்து லயங்களைத் தேடி வந்தது. 1981இல் இரத்தினபுரி, காவத்தைப் பக்கம் லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் அதற்கு முன்பே போயிருந்தார்கள்.

மிஞ்சியவர்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் கண்டது. இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுப் போகும்போது, பாதையில் தெரியாத ஆள் யாராவது வந்தால் அப்பாவின் கை தானாகக் குமிழுக்குப் போகும். யாரும் அவரை மிரட்டியதில்லை. ஓடைக்கு அப்பால் இருந்தவர்களில் எங்களுக்கு அரிசி கொடுத்து ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. பாட்டில் மொழி இருந்தது. மொழி வீட்டைக் காட்டிக் கொடுக்கும் என்ற பயம் இருந்தது.

வாத்திய இசையை மட்டும் அப்பா குறைக்க மாட்டார்.

அன்று எங்கள் காதுக்குப் பழகிய ஒலிகள் கொஞ்சம்தான். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் காலத்தில் ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், சங்கு ஊதியது. மாசியில் காமன் கூத்து, அதற்குத் தப்பு. அம்மன் திருவிழாவுக்கு வெளியிலிருந்து மேளம் பிடித்து வருவார்கள். நாதஸ்வரம், தவில், ஒத்து. ஆண்டுக்கு மூன்று நாள் கேட்கும் அந்த நாதஸ்வரம் மற்ற நாட்களுக்கும் சேர்த்துக் காதில் நின்றுவிடும். ஓடைக்கு அப்பால் சப்ரகமுவ நடனத்துக்கே உரிய தவுல முழக்கம். இரத்தினபுரி சமன் தேவாலயப் பெரஹராவுக்குப் போய்வந்தவர்கள் அதன் தாளத்தை வாயால் சொல்லிக் காட்டுவார்கள். இவை எல்லாம் நாள் கிழமை பார்த்து வரும் ஒலிகள். வேலை முடிந்து கால் கழுவி உட்காரும் சாதாரண மாலைக்கென்று இருந்தது ரேடியோ மட்டும்தான். அதிலும் செய்திக்கு முன் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் ஏதோ ஒரு வாத்தியம் ஒலிக்கும். யார் வாசிக்கிறார், என்ன மெட்டு என்று சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு நிமிடங்களில்தான் சாக்ஸபோனை நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கசெட் வந்தது. 1992இல் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன காலம். கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்கு வரும்போது கசெட் ரேடியோவைத் தோளில் தூக்கி வந்தார்கள். லயத்தில் ஒருவர் வீட்டில் இருந்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் இருந்த மாதிரி. கரண்ட் கிடையாது. ஆறு பேட்டரிக் கட்டை போட வேண்டும். கட்டை இளைத்தால் பாட்டு இழுபடும், எஸ்.பி.பி. குரல் தடித்த கிழவர் குரலாகும். கட்டைகளை எடுத்துத் தகரத்தின் மேல் வெயிலில் காயவைப்போம். காய்ந்தபின் போட்டால் இன்னும் இரண்டு பாட்டுக்கு வரும். அந்த இரண்டு பாட்டு எது என்று முடிவு செய்வதில் லயமே கூடி வாதம் நடக்கும். வெயில் இருந்தால்தானே காயவைக்க முடியும், இரத்தினபுரிப் பக்கம் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு எங்கள் கஷ்டம் புரியும். இறப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. மழைநாளில் எல்லாரும் வீட்டிலிருப்பார்கள். பாட்டுக் கேட்க நேரம் இருக்கும், மனசுக்கும் பேட்டரிக்கும்தான் பலம் இருக்காது.

அவிசாவளையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. வெற்றுக் கசெட்டை வாங்கி, பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். மிச்சத்தை வெறுமையாக விடக் கடைக்காரருக்கு மனசு வராது. தன்னிடம் உள்ள ஏதாவது ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பிவிடுவார். எங்கள் சித்தப்பா பதிந்து வந்த கசெட்டின் ஏ பக்கத்தின் முடிவில் அப்படி ஒரு சாக்ஸபோன் துண்டு இருந்தது. பாதியில் அறுந்து நிற்கும். யார் வாசித்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, கடைக்காரரிடமும் அவர் கேட்கவில்லை. காசு கொடுத்துக் கேட்ட பாட்டுகள் முடிந்து, சும்மா கிடைத்த அந்தத் துண்டு வரும்போது யாரும் எழுந்து போய்க் கசெட்டைத் திருப்பிப் போட மாட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, கொழும்பில் ஒரு கடையில் நின்றபோது அதே மெட்டு முழுசாக ஒலித்தது. ‘ஃபாரெவர் இன் லவ்’. கென்னி ஜியின் ‘பிரெத்லெஸ்’ தொகுப்பிலிருந்து.

1992 நவம்பரில் வந்த தொகுப்பு அது. அமெரிக்காவில் மட்டும் 12 மில்லியன் பிரதிகளுக்கான சான்று பெற்றது. உலகம் முழுவதும் 15 மில்லியனுக்கு மேல் விற்றது என்று கணக்குச் சொல்கிறார்கள். பாடகர் குரல் பிரதானமாக இல்லாத ஒரு தொகுப்பு அவ்வளவு விற்றதில்லை. நான் சொன்ன அந்த மெட்டுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது. அதற்கு முன்பே 1987இல் ‘சாங்பேர்ட்’ என்ற இசைத்துண்டு அமெரிக்கப் பாப் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறி அவரை உலகுக்குக் காட்டிவிட்டது.

1994 என்ற ஆண்டை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கும். அதே ஆண்டில்தான் கே. பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. பிரபு சாக்ஸபோன் கலைஞராக நடித்த படம். ஏ.ஆர். ரஹ்மான் இசை. திரைக்குப் பின்னால் ஊதியவர் கத்ரி கோபால்நாத். அதே ஆண்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் ப்ராம்ஸ் இசைவிழாவில் கத்ரி வாசித்தார். அந்த விழா மேடைக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான். இலங்கையிலும் அந்த ஆண்டு ஆட்சி மாறியது, சமாதானம் வரப்போகிறது என்று கொஞ்சநாள் எல்லாரும் நம்பினோம்.

‘டூயட்’ கசெட் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது முதலில் எல்லாருக்கும் பிடித்தது ‘அஞ்சலி அஞ்சலி’. பாட்டுத் தொடங்குவதற்கு முன் வரும் நீண்ட சாக்ஸபோன் ஆலாபனைக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். ‘என் காதலே’ பாட்டில் எஸ்.பி.பி.யின் குரலோடு சரிக்குச் சரி நின்று அழுவதும் அந்த வாத்தியம்தான். படத்துக்குக் கல்யாண வசந்தம் ராகத்தை ரஹ்மான் தேர்ந்த கதையைக் கத்ரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு ராகமாக வாசித்துக்கொண்டே போனாராம். முப்பது ராகம் வரைக்கும் போயிருக்கும். எதற்கும் ரஹ்மான் முகம் மலரவில்லை. கல்யாண வசந்தத்தைத் தொட்டதும் இதுதான் என்றாராம். லயத்தில் யாருக்கும் ராகப் பெயர் தெரியாது. ஆனால் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அது. எங்கள் பாட்டி ஒருநாள் முழுசாகக் கேட்டுவிட்டு, “மேளகாரன் பித்தளையில ஊதுறான்” என்றாள். ஊதுகிறவர் நாதஸ்வரக்காரரின் மகன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கத்ரியின் தந்தை தனியப்பா நாதஸ்வர வித்துவான். மகனும் முதலில் பழகியது அதைத்தான். மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டுவிட்டு அதன்மேல் ஆசை வைத்து, அதைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்த இருபது ஆண்டுகள் போல உழைத்தார்.

அந்த உழைப்பு எதற்கு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தில் துளை திறந்தே இருக்கிறது. விரலைப் பாதி மூடலாம், வழுக்கலாம், சீவாளியை உதட்டால் இறுக்கி நெகிழ்த்தலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து போவதற்கு வழி உண்டு. சாக்ஸபோனில் துளையை மூடுவது விரல் இல்லை, மூடி. விரல் சாவியை அழுத்தினால் மூடி விழும், விட்டால் திறக்கும். பாதி மூடுவது என்ற பேச்சே கிடையாது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி இராணுவ பேண்டுக்கும் ஐரோப்பிய இசைக்கும் என்று அமைந்தது. கமகம் அதன் கணக்கிலேயே இல்லை. கத்ரி கருவியில் சில மாற்றங்கள் செய்தார், மிச்சத்தை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டது அதற்குத்தான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலினை ஏற்றுக்கொண்ட, ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டை ஏற்றுக்கொண்ட சங்கீத உலகம் சாக்ஸபோனைப் பார்த்தும் முதலில் தயங்கியது. பிறகு அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. 2004இல் பத்மஸ்ரீ வந்தது. 2019 அக்டோபர் 11இல் அவர் மங்களூரில் காலமானபோது அஞ்சலி எழுதியவர்கள் எல்லாரும் ‘டூயட்’ பற்றியும் எழுதினார்கள். ஒரு வித்துவானுக்கு அது குறைவு என்று சிலர் வருந்தினார்கள். நான் வருந்த மாட்டேன். சென்னை சபா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஆயிரக்கணக்கான லயங்களில் கல்யாண வசந்தம் ஒலித்தது அந்தப் படத்தால்தான்.

கென்னி ஜி பட்ட அடி இதைவிடப் பெரிது. ஜாஸ் இரசிகர்களுக்கும் கலைஞர்களுக்கும் அவர் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். 1999இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ஒரு பழைய பதிவின் மேல் தன் சாக்ஸபோனை ஏற்றி அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு கிற்றார் கலைஞர் பாட் மெத்தினி கொதித்தெழுந்து அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இறந்துபோன ஒரு பெரிய கலைஞனின் குரலுக்கு மேல் ஊதியது தவறு என்ற அளவில் மெத்தினி பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வெறுப்பு அதோடு நிற்கவில்லை. இனிமையாக இருப்பதே குற்றம், சுலபமாக இருப்பதே ஏமாற்று என்ற அளவுக்குப் போனது. 2021இல் பென்னி லேன் எடுத்த ‘லிசனிங் டு கென்னி ஜி’ என்ற ஆவணப்படம் இந்த வழக்கை இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்கிறது. பார்க்கக் கிடைத்தால் பாருங்கள்.

நான் பிற்காலத்தில் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டேன். கென்னி ஜியிடம் இல்லாதது என்ன என்று அப்போது புரிந்தது. கோல்ட்ரேன் ஒவ்வொரு சுரத்திலும் எதையோ தேடுகிறார், கேட்பவரையும் இழுத்துக்கொண்டு போகிறார். கென்னி ஜி உங்களை எங்கும் அழைப்பதில்லை, இருக்கும் இடத்திலேயே இருக்க விடுகிறார். விடியுமுன் எழுந்து பாலெடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, வாளியைத் தலையில் வைத்து மலையிறங்கி வந்த ஒரு பெண்ணுக்கு மாலையில் எங்கும் போக வேண்டியதில்லை. அவள் அந்தத் துண்டைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் சாய்ந்தாள் என்றால் அவளுக்கு இரசனை போதாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றும் உண்டு. 1997இல் நியூயோர்க்கில் ஒரு கடையில் கென்னி ஜி ஒரே சுரத்தை 45 நிமிடம் 47 விநாடி விடாமல் ஊதிக் கின்னஸ் சாதனை செய்தார். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் வெளியே விடும் வித்தை அது. பத்திரிகையில் படித்தபோது எனக்கு எங்கள் திருவிழாவில் ஒத்து ஊதியவர் ஞாபகம் வந்தது. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், தூணோரம், ஒரே சுரத்தை இரவு முழுவதும் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் சிறுவர்கள் அவருக்கு முன்னால் போய் நின்று, எப்போது மூச்சு விடுவார் என்று பார்த்திருப்போம். கன்னம் உப்பும், மூக்கு விடைக்கும், சத்தம் மட்டும் அறாது. சாமி தேரேறி இறங்கும்வரை அறாது. அவருக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. மேளத்துக்கு மாலை போடும்போதும் அவர் முறை கடைசியில்தான். இப்போது ஒத்துக்காரர் வருவதே இல்லை. ஒரு சின்னப் பெட்டி, சுவிட்சைப் போட்டால் சுருதி. மேளம் பிடிக்கும் செலவில் ஓராள் கூலி மிச்சம் என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. அன்று கேட்டதில் இன்று எதை இழந்தோம் என்று என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த மனிதரின் மூச்சைத்தான்.

கென்னி ஜி பெரும்பாலும் வாசிப்பது சொப்ரானோ சாக்ஸபோன். நேராக நீண்டு, அடி விரிந்திருக்கும். சாமான் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் நாதஸ்வரம் பிடித்திருக்கிறான் என்றே நாங்கள் நம்பினோம். கத்ரி வாசித்ததோ வளைந்த ஆல்டோ. படத்தில் பிரபு கையில் பார்த்தது அதுதான். இந்த வளைந்த வகையில் ஊதும் வாய்ப்பகுதியைப் பெரும்பாலும் எபோனைட்டில் செய்கிறார்கள். கந்தகம் அதிகம் சேர்த்து வேகவைத்துக் கல்போல் இறுகச் செய்த இறப்பர்தான் எபோனைட். 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த கன்றுகளிலிருந்து பரவிய மரம் எங்கள் பிழைப்பு. அந்தப் பால் உலகத்தில் எங்கெங்கே என்னவாகப் போகிறது என்று பால் வெட்டியவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. டயராகப் போகிறது என்று மட்டும் தெரியும். சாக்ஸபோன் வாசிப்பவரின் பல் படும் இடத்திலும் இறப்பர் இருக்கிறது என்று அம்மாவிடம் நான் சொன்னபோது அவள் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பஸ்ஸில் கேட்ட சாக்ஸபோனுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் நெருக்கமானது அதுதான். 1979க்குப் பிறகு தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கியதும் பயணத்தோடு பாட்டும் வந்தது. அவிசாவளை, இரத்தினபுரிப் பாதையில் ஓடிய பஸ்களில் சிங்களப் பாட்டு பலமாகப் போகும். நடுவில் சாக்ஸபோனில் மட்டும் வாசித்த சிங்கள மெட்டுகளின் கசெட் ஒன்றைச் சாரதி போடுவார். அப்போது பஸ்ஸுக்குள் பேச்சுக் குறையும். வாசித்தவர் ஸ்டான்லி பீரிஸ். கண்டியைச் சேர்ந்தவர், ‘ஃபோர்ச்சூன்ஸ்’ என்ற இசைக்குழுவை நடத்தியவர், சிங்கள மெல்லிசையில் ஏராளமான பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். 2002இல் இறந்தார். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பாடகரின் பெயரை எல்லாரும் கேட்பார்கள், ஊதுகிறவர் பெயரை யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் தமிழில் பேசும்போது குரலைத் தாழ்த்திய காலம் அது. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த காலம். அந்த இசை ஒலிக்கும் நேரம் மட்டும் பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்களவருக்கு அந்த மெட்டின் வரிகள் தெரிந்திருக்கும், மனசுக்குள் பாடிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு வரி தெரியாது, மெட்டு மட்டும்தான். தெரியவில்லை என்று எங்களை அடையாளம் காட்ட அதில் எதுவும் இல்லை. அப்பா ரேடியோவின் குமிழைத் திருகாமல் விட்ட காரணமும் இதுவேதான். நாங்கள் பயப்படாமல் கேட்ட முதல் இசை இது.

இனி இன்றைக்கு. லயங்களில் பாதி காம்பரா பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் கொழும்பில், கட்டுநாயக்கவில், வளைகுடாவில். கரண்ட் உண்டு. கூரையில் டிஷ் உண்டு. 1998இல் சூரியன், சக்தி வானொலிகள் வந்தபின் தமிழ்ப் பாட்டு நாள் முழுவதும் போகிறது, யாரும் சத்தத்தைக் குறைப்பதில்லை. தோட்டத்துப் பையன்களின் சிங்களத்தைக் கேட்டால் கிராமத்துப் பையன்களின் சிங்களத்திலிருந்து பிரிக்க முடியாது. இரண்டு மொழிப் பாட்டும் ஒரே போனில் இருக்கிறது. இது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். பழைய காலத்தை ஏங்கி எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அந்தக் குமிழில் இருந்த பயத்தோடு எந்தப் பாட்டையும் திரும்பக் கேட்க நான் ஆசைப்படவில்லை.

ஆனால் கேட்கும் விதம் சிறுத்துப்போனது. அவரவர் போன், அவரவர் காதுக்குள். ஒரே திண்ணையில் நான்கு பேர் இருந்தால் நான்கு பாட்டு. மூத்தவர் வாயிலிருந்து இளையவருக்கு ஒரு பாட்டு போவதற்கு வழி இல்லாமல் போய்விட்டது. சாக்ஸபோனும் இடம் மாறிவிட்டது. கல்யாண வீடியோவில் மாலை மாற்றும் காட்சிக்குப் பின்னணியாக வருகிறது. கொழும்பில் ஹோட்டல் லிஃப்டுக்குள் ஒலிக்கிறது. வங்கியில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது ஒலிக்கிறது. சீனாவில் கென்னி ஜியின் ‘கோயிங் ஹோம்’ ஒலித்தால் கடை மூடப் போகிறார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எங்கும் அதையே போடுகிறார்கள். இதைக் கேலிக்குச் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் பாதையில் பெத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வருகிறது. பிள்ளைகள் அந்த மெட்டைக் கேட்டதும் காசெடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு மெட்டு பசிக்கும் வீட்டுக்குத் திரும்பும் நேரத்துக்கும் அடையாளமாவது எனக்கு இழிவாகத் தெரியவில்லை. தப்பும் சங்கும் செய்த வேலைதானே. அவை வேலைக்குக் கூப்பிட்டன, ‘கோயிங் ஹோம்’ வேலையிலிருந்து அனுப்பி வைக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பின்னணியாகிவிட்ட ஒன்றை முன்னால் உட்கார்ந்து கேட்க இனி யாருக்குத் தோன்றும்?

தமிழ்நாட்டிலும் கர்நாடகக் கடற்கரையிலும் இதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. கத்ரிக்குப் பிறகு அங்கே கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் நாதஸ்வரம் இருந்த இடத்தில் சாக்ஸபோன் உட்கார்ந்துவிட்டது. கெட்டிமேளத்தோடு சாக்ஸபோன் வாசிக்கும் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர் மாணவி எம்.எஸ். லாவண்யா, சகோதரி சுப்புலட்சுமி போன்ற பெண்களும் மேடைக்கு வந்து பெயர் பெற்றார்கள். நாதஸ்வரக்காரர்களின் பிழைப்பு இதனால் சுருங்கியது என்ற மனக்குறையும் அங்கே உண்டு, அது நியாயமான குறை. எங்கள் பக்கம் அந்த வளர்ச்சியும் இல்லை, அந்தச் சண்டையும் இல்லை. எங்களுக்குச் சாக்ஸபோன் கேட்கும் பொருளாகவே இருந்துவிட்டது. ஒரு தோட்டத்துப் பிள்ளை அதைக் கையில் எடுக்கும் காலம் வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் பேண்டு வாத்தியம் இருக்கிறது. டிரம், ஊதுகுழல் அளவோடு சரி. ஒரு சாதாரண ஆல்டோ சாக்ஸபோனின் விலை தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. ஆசை இருந்த பிள்ளைகள் கீபோர்டில் ‘சாக்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தி அந்தக் குரலை வரவழைத்துக்கொள்கிறார்கள். மூச்சில்லாத சாக்ஸபோன் அது. இருந்தாலும் ‘அஞ்சலி’யின் முன்னுரையை அந்தப் பொத்தானில் முழுசாக வாசிக்கும் ஒரு பையனை எனக்குத் தெரியும், என் அக்கா மகன்.

அவனிடம் நான் அந்தப் பாட்டைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவன் கேட்கும் வழி வேறு. எனக்குத் தெரியாமலிருந்ததெல்லாம் அவனுக்கு ஒரு விரல் தட்டில் தெரிகிறது. சித்தப்பாவின் கசெட்டில் பாதியில் அறுந்த துண்டை நான் முழுசாகக் கேட்கப் பல ஆண்டு ஆனது. அவன் பெயர் தெரிந்த அன்றே கென்னி ஜியின் தொகுப்பு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டான். 2012இல் ராகுல் சர்மாவின் சந்தூரோடு சேர்ந்து கென்னி ஜி வெளியிட்ட ‘நமஸ்தே’வையும் அவன்தான் எனக்குக் காட்டினான். அது எனக்குப் பிடிக்கவில்லை, அவனுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். பேட்டரி காயவைத்த காலத்துக்குப் பிறகு ஒரு பாட்டுக்காக நான் அவ்வளவு நேரம் யாரோடும் வாதாடியதில்லை.

போன மாதம் இரத்தினபுரிக்குப் போன பஸ்ஸிலிருந்து போன் பண்ணினான். பின்னால் இரைச்சல், அதற்குள் ஒரு சாக்ஸபோன்.

“மாமா, கேக்குதா? சாரதி அண்ணன்கிட்ட சிங்களத்துல கேட்டேன், ஸ்டான்லி பீரிஸ்ங்கறார். அவங்க அப்பா பஸ் ஓட்டினப்ப வச்சிருந்த கசெட்டாம், இப்ப பென் டிரைவ்ல ஏத்தி வச்சிருக்காரு. நீங்க சொன்ன கண்டிக்காரர் இவருதானா?”

இவர்தான் என்றேன். அந்தப் பென் டிரைவில் இருப்பதை அப்படியே அவன் போனுக்கு ஏற்றித் தருவதாகச் சாரதி சொல்லியிருக்கிறாராம். ஏற்றியதும் எனக்கும் அனுப்பச் சொன்னேன்.